ஊசி வழி வந்த இன்சுலின்: ஊக்கமருந்துச் சோதனையின் எல்லை



1998இல் ஜப்பானின் நாகானோ நகரில் குளிர்கால ஒலிம்பிக் நடந்தது. அங்கே ரஷ்ய மருத்துவ அதிகாரி ஒருவர் ஒரு விளக்கம் கேட்டார். இன்சுலினை, அது தேவைப்படும் நீரிழிவு நோயாளிகள் மட்டும்தான் போட்டுக்கொள்ள வேண்டுமா, மற்றவர்களும் போட்டுக்கொள்ளலாமா என்பதுதான் அவர் கேட்டது. பிரிட்டனின் ஹார்மோன் மருத்துவ அறிஞர் பீட்டர் சோங்க்சன் இதைப் பதிவு செய்திருக்கிறார். அதுவரை தடைப்பட்டியலில் இன்சுலின் இல்லை. நோயில்லாதவன் எதற்கு இன்சுலினைப் பற்றிக் கேட்கிறான் என்று ஒலிம்பிக் குழுவுக்கு உறைத்தது. உடனடியாகப் பட்டியலில் சேர்த்துவிட்டார்கள். ஆனால், தடை வந்த நாளில் அதைக் கண்டுபிடிக்கும் சோதனை எந்த ஊக்கமருந்து ஆய்வகத்திடமும் இல்லை. சட்டம் முன்னால் போய்விட்டது; வேதியியல் பின்னால் மூச்சிரைக்க ஓடிவந்தது. அந்த ஓட்டம் எதுவரை வந்திருக்கிறது, எங்கே முட்டிக்கொண்டு நிற்கிறது என்பதுதான் இன்றைய பேச்சு.

ஓட்டக்காரருக்கும் எடைதூக்குபவருக்கும் இன்சுலின் எதற்கு? பாடநூலில் இருப்பதுதான். இரத்தத்தில் உள்ள குளுக்கோஸைத் தசைக்குள் அனுப்பும். அங்கே கிளைக்கோஜனாகச் சேமிக்க வைக்கும். கடும் பயிற்சியில் தீர்ந்துபோன சேமிப்பை விரைவில் நிரப்பிவிட்டால் மறுநாள் மீண்டும் கடுமையாகப் பயிற்சி எடுக்கலாம் என்பது கணக்கு. இன்சுலின் தசையை வளர்க்கும் என்று உடற்பயிற்சிக் கூடங்களில் சொல்வார்கள். அது பாதி உண்மை. தசைப் புரதம் உடைவதைத் தடுப்பதுதான் அதன் பெரிய வேலை என்பது சோங்க்சன் போன்றவர்கள் வலியுறுத்தும் கருத்து. ஸ்டீராய்டும் வளர்ச்சி ஹார்மோனும் எடுத்துக்கொள்பவர்கள் இதையும் சேர்த்துக்கொள்ளும் காரணம் அதுதான். நோயில்லாத வீரருக்கு இதனால் உண்மையில் எவ்வளவு ஆதாயம் என்பதில் எனக்கு ஐயம் உண்டு. ஆபத்தில் ஐயமே இல்லை. அளவு சற்று மிஞ்சினால் இரத்தச் சர்க்கரை சரியும்; மூளைக்கு எரிபொருள் நிற்கும்; வலிப்பு, மயக்கம், மரணம் என்று போகும்.

தேடும் பொருளின் அளவைச் சொன்னால்தான் சிக்கல் புரியும். வெறும் வயிற்றில், ஒரு மில்லிலிட்டர் இரத்தத்தில் உள்ள இன்சுலின் ஒரு நானோகிராம்கூட இராது. கணையத்திலிருந்து வெளிவந்த இன்சுலினில் பாதி, சில நிமிடங்களுக்குள் இரத்தத்தைவிட்டு மறைந்துவிடும். கல்லீரல் பெரும்பங்கை விழுங்கும். சிறுநீரகம் வடிகட்டியதையும் விடாமல் திரும்ப உறிஞ்சிச் சிதைத்துவிடும். சிறுநீரில் வந்து சேர்வது பிக்கோகிராம் கணக்கில்தான். ஸ்டீராய்டு எச்சங்கள் சில நாள் கணக்கில், சில வாரக் கணக்கில் உடலில் தங்கிக் காட்டிக்கொடுக்கும். இன்சுலினுக்கு மணிக்கணக்குதான்.

விளையாட்டுக்கு வெகு முன்பே இந்தச் சிக்கலை எதிர்கொண்டவர்கள் கொலை வழக்கு ஆய்வாளர்கள். 1957 மே மாதம், இங்கிலாந்தின் பிராட்ஃபோர்டு. கென்னத் பார்லோ என்ற ஆண் செவிலியர், தன் மனைவி எலிசபெத் குளியல் தொட்டியில் மூழ்கி இறந்துவிட்டதாகச் சொன்னார். மூழ்கியவரின் கண் பாவைகள் மிகையாக விரிந்திருந்தன. கழற்றிப் போட்டிருந்த இரவு உடை வியர்வையில் நனைந்திருந்தது. சமையலறையில் பயன்படுத்திய ஊசிகள் இரண்டு கிடைத்தன. நச்சுப் பொருள் எதுவும் அகப்படவில்லை. உடலை உருப்பெருக்கிக் கண்ணாடியால் அங்குலம் அங்குலமாகத் தேடியபோது பிட்டத்தில் ஊசித் தடங்கள் தெரிந்தன. அந்த இடத்துத் திசுவை வெட்டி எடுத்து, சாறு இறக்கி, சுண்டெலிகளுக்கும் கினிப் பன்றிகளுக்கும் செலுத்திப் பார்த்தார்கள். அவை நடுங்கி, துடித்து, மயங்கி விழுந்தன. இன்சுலின் கொடுத்த விலங்குகள் எப்படி விழுமோ அப்படியே. இன்சுலினால் குறையில்லாத கொலை செய்யலாம் என்று பார்லோ சொல்லியிருந்ததாக உடன் வேலை பார்த்தவர்கள் நீதிமன்றத்தில் சாட்சி சொன்னார்கள். ஆயுள் தண்டனை கிடைத்தது. இன்சுலினைக் கொலைக் கருவியாக நிறுவிய முதல் வழக்கு அது.

இந்த வழக்கில் நான் கவனிக்கச் சொல்வது வேறொன்று. இதயத்திலிருந்து எடுத்த இரத்தத்தில் சர்க்கரை குறையவே இல்லை, கூடுதலாக இருந்தது. சாகும் தறுவாயில் கல்லீரல் தன் சேமிப்பைக் கொட்டிவிட்டது என்று விளக்கினார்கள். அதாவது இரத்தம் பொய் சொன்னது. ஊசி ஏறிய இடம் உண்மை சொன்னது. இந்தச் செய்திக்குப் பிறகு திரும்ப வருவேன்.

எலியை நம்பும் காலம் சீக்கிரம் முடிந்தது. நியூயார்க்கில் ரோசலின் யாலோவும் சாலமன் பெர்சனும் கதிரியக்க எதிர்ப்பொருள் அளவீட்டை உருவாக்கி, மனித இரத்தத்தில் இன்சுலினை நேரடியாக அளந்தார்கள். பெர்சன் மறைந்த பிறகு, 1977இல் யாலோவுக்கு நோபல் பரிசு கிடைத்தது. இடையில் 1967இல் சிகாகோவில் டொனால்டு ஸ்டைனர் இன்னொரு கதவைத் திறந்தார். கணையம் இன்சுலினை நேராக உற்பத்தி செய்வதில்லை. புரோஇன்சுலின் என்ற நீண்ட ஒற்றைச் சங்கிலியை உருவாக்கி, அது சரியாக மடிந்தபின் நடுத்துண்டை வெட்டி எடுக்கிறது. கட்டடம் நிமிர்ந்ததும் அவிழ்த்துப் போடும் சாரம் போன்ற அந்த நடுத்துண்டுதான் சி-பெப்டைடு. உடல் அதை வீசி எறிவதில்லை. ஓர் இன்சுலினுக்கு ஒரு சி-பெப்டைடு என்ற கணக்கில் இரண்டையும் சேர்த்தே இரத்தத்தில் விடுகிறது. மருந்துப் புட்டியில் இருக்கும் இன்சுலினில் சி-பெப்டைடு கிடையாது. ஆகவே இன்சுலின் ஏறியிருந்து, சி-பெப்டைடு இறங்கியிருந்தால் அது வெளியிலிருந்து வந்தது. தடயவியலில் இதைவிட அழகான தர்க்கம் எனக்குத் தெரியாது: கிடைத்த பொருளைவிடக் கிடைக்காத பொருள் வலுவான சான்றாகிறது.

மருந்துத் தொழில் மாறியபோது ஆய்வகங்களுக்கு எதிர்பாராத உதவி ஒன்று கிடைத்தது. மனித இன்சுலின் 51 அமினோ அமிலங்களால் ஆனது: ஏ சங்கிலியில் 21, பி சங்கிலியில் 30. ஊசி போட்ட இடத்தில் இந்த மூலக்கூறுகள் ஆறாறாகச் சேர்ந்து கட்டிக்கொள்வதால் இரத்தத்துக்குள் மெதுவாகத்தான் நுழையும். சாப்பாட்டோடு ஈடுகொடுக்க அது போதாது. எனவே வேதியியலாளர்கள் வரிசையை மாற்றினார்கள். அஸ்பார்ட் என்ற வகையில் பி சங்கிலியின் 28ஆம் இடத்தில் புரோலினுக்குப் பதில் அஸ்பார்டிக் அமிலம். குளுலைசினில் இரண்டு மாற்றங்கள். ஒரு நாள் முழுக்க மெல்ல வேலை செய்யும் கிளார்ஜினில் ஏ சங்கிலியின் கடைசி அமிலம் மாறியிருக்கும். பி சங்கிலியின் வாலில் இரண்டு ஆர்ஜினின் கூடுதலாகத் தொங்கும். டெட்டமிரில் ஒரு கொழுப்பு அமிலமே ஒட்டப்பட்டிருக்கும். எந்த மனிதக் கணையமும் இவற்றை உற்பத்தி செய்யாது. சிறுநீரில் ஒரு துளி தெரிந்தாலும் விவாதத்துக்கு இடமில்லை. நோயாளியின் வசதிக்காகச் செய்த மாற்றம், வீரரின் உடலில் முத்திரையாக மாறிவிட்டது.

ஆனால், அந்தத் துளியைப் பார்க்க வேண்டுமே! ஜெர்மனியின் கொலோன் விளையாட்டுப் பல்கலைக்கழகத்தில் மரியோ தேவிஸ், ஆண்ட்ரியாஸ் தாமஸ், வில்ஹெல்ம் ஷென்ட்சர் ஆகியோர் இதில் இறங்கினார்கள். 2005இல் பிளாஸ்மாவுக்கும் அடுத்த ஆண்டு சிறுநீருக்கும் முறைகளை வெளியிட்டார்கள். முதலில் மாதிரியைச் செறிவாக்க வேண்டும். பிறகு இன்சுலினை மட்டும் பற்றிக்கொள்ளும் எதிர்ப்பொருள்களால் அதை மீன்பிடிப்பதுபோல் வெளியே இழுக்க வேண்டும். இப்போது இந்த எதிர்ப்பொருள்களைக் காந்த மணிகளில் ஒட்டிப் பயன்படுத்துகிறார்கள். அமிலத்தால் கழற்றி, திரவ நிறப்பிரிகையில் பிரித்து, நிறைநிறமாலைமானியில் எடைபோட வேண்டும். வழியில் எவ்வளவு தொலைந்தது என்று தெரிந்துகொள்ளத் தொடக்கத்திலேயே மாட்டு இன்சுலினைக் கலந்துவிடுவார்கள். மனித இன்சுலினிலிருந்து மூன்றே இடங்களில் வேறுபடும் இந்த மாட்டு இன்சுலினைத்தான் நம் தாத்தா காலத்து நோயாளிகள் தினமும் குத்திக்கொண்டார்கள். இன்று அது ஆய்வகத்தில் அளவுகோலாக ஓய்வூதியம் வாங்குகிறது.

இந்த வகைகளில் லிஸ்ப்ரோ தனிக் கதை. 1996இல் சந்தைக்கு வந்த முதல் அதிவேக இன்சுலின் அது. அதில் எதையும் கூட்டவில்லை, குறைக்கவில்லை. பி சங்கிலியில் 28ஆம் இடத்துப் புரோலினும் 29ஆம் இடத்து லைசினும் இடம் மாறி உட்கார்ந்தன, அவ்வளவுதான். அதே அணுக்கள், அதே எண்ணிக்கை. ஆகவே அதே எடை. எவ்வளவு நுட்பமான தராசில் வைத்தாலும் மனித இன்சுலினும் லிஸ்ப்ரோவும் ஒன்றுபோலவே நிற்கும். எடை மட்டும் பார்க்கும் கருவி இங்கே குருடு. என்ன செய்தார்கள்? மூலக்கூறைக் கருவிக்குள்ளேயே மோதவிட்டு உடைத்தார்கள். பி சங்கிலியின் வாலில் கடைசி மூன்று அமிலங்கள் சேர்ந்த துண்டு இரண்டிலும் ஒரே எடை. கடைசி இரண்டு மட்டும் சேர்ந்த துண்டை எடுத்தால் மனித இன்சுலினில் லைசின்-திரியோனின், லிஸ்ப்ரோவில் புரோலின்-திரியோனின். எடை வேறு. லிஸ்ப்ரோவின் துண்டு 217இல் தெரியும். மனித இன்சுலினுக்கு அந்த இடம் காலி. 5,808 அலகு எடையுள்ள மூலக்கூறில் அந்தச் சின்னத் துண்டை நம்பி ஒரு வீரரின் எதிர்காலம் நிற்கிறது. மருத்துவமனைகளில் நாம் வழக்கமாகச் செய்யும் எதிர்ப்பொருள் சோதனைகளுக்கு இந்தக் கண் கிடையாது. சில சோதனைகள் செயற்கை வகைகளையும் சேர்த்து மொத்தமாக எண்ணும்; சில அவற்றைக் கண்டுகொள்ளவே கண்டுகொள்ளா.

இதுவரை சொன்னது வெற்றிக் கதை. இனி சுவர்.

வரிசை மாற்றாத மனித இன்சுலினும் மருந்துக் கடையில் இருக்கிறது. 1978இல் பாக்டீரியாவைக் கொண்டு மனித இன்சுலினை உருவாக்கினார்கள். 1982இல் அமெரிக்காவில் விற்பனைக்கு அனுமதி கிடைத்தது. அது உடலின் இன்சுலினோடு 51 அமிலங்களிலும் ஒத்தது. சிவப்பணுக்களைப் பெருக்கும் எரித்ரோபாய்டினையும் ஆய்வகங்களில்தானே உற்பத்தி செய்கிறார்கள், அதைப் பிடிக்கவில்லையா என்று கேட்கலாம். பிடித்தார்கள், ஏனென்றால் எரித்ரோபாய்டினில் சர்க்கரைக் கிளைகள் உண்டு, அந்தக் கிளைகளை மனிதச் செல் ஒரு விதமாகவும் ஆய்வகச் செல் வேறு விதமாகவும் ஒட்டும். 2000இல் பிரான்சில் அந்த வேறுபாட்டைக் கொண்டே சோதனை வந்தது. வளர்ச்சி ஹார்மோனை மூளையடிச் சுரப்பி பல வடிவங்களில் சுரக்கும், மருந்தில் ஒரே வடிவம். அந்த விகிதம் காட்டிக்கொடுத்தது. டெஸ்டோஸ்டிரோனைத் தாவரங்களிலிருந்து தயாரிப்பதால் கார்பன் ஐசோடோப்பு விகிதம் காட்டிக்கொடுக்கும். இன்சுலினில் சர்க்கரைக் கிளை இல்லை. பல வடிவங்கள் இல்லை. ஐசோடோப்பு பார்க்கலாம் என்றால் சிறுநீரில் கிடைக்கும் அளவு அந்தக் கருவியின் பசிக்கு எட்டாது. எல்லா வழியும் அடைபட்டிருக்கிறது.

சி-பெப்டைடு இருக்கிறதே என்பீர்கள். கொலை வழக்குகளில் அது வேலை செய்வதற்குக் காரணம், இறந்தவரின் சர்க்கரை அதலபாதாளத்தில் விழுந்து அவருடைய கணையம் வாய்மூடிக் கிடப்பதுதான். விளையாட்டு வீரர் சாக நினைப்பவர் அல்லர். ஊசியோடு சர்க்கரையும் புரதமும் உட்கொள்கிறார். அந்தச் சர்க்கரை அவருடைய கணையத்தையும் எழுப்பிவிடுகிறது. சி-பெப்டைடு மறைவதில்லை, சற்று மங்குகிறது. சிறுநீரில் இந்த விகிதம் இன்னும் குழம்பும். இன்சுலினையும் சி-பெப்டைடையும் சிறுநீரகம் வேறுவேறு விதமாக நடத்துகிறது. கடும் உடற்பயிற்சிக்குப் பின் சிறுநீரில் புரதம் கசிவதும் உண்டு. போதாக்குறைக்கு, தன் இன்சுலினுக்கே எதிர்ப்பொருள் உருவாக்கும் அரிய நோயும் இருக்கிறது. ஜப்பானில் ஹிராட்டா விவரித்தது. அந்த நோயாளியின் இரத்தத்தில் இன்சுலின் அளவு வானளாவ நிற்கும். அவர் ஊசியைத் தொட்டே இருக்கமாட்டார். மங்கிய விகிதம் ஒன்றை மட்டும் வைத்து ஓர் இளைஞரின் வாழ்க்கையை நான்காண்டு முடக்க எந்த நேர்மையான ஆய்வாளரும் கையெழுத்திடமாட்டார். நானும் இடமாட்டேன்.

பார்லோ வழக்கில் ஊசி ஏறிய இடம் உண்மை சொன்னது என்றேன். இன்றைய ஆய்வுகளில் ஒரு கிளை அந்தத் திசையில்தான் போகிறது. கணையம் சுரக்கும் இன்சுலின் முதலில் கல்லீரலுக்குப் போகிறது. ஊசியில் போட்டது தோலடிக் கொழுப்பில் தங்கி, அங்குள்ள நொதிகளிடம் கடிபட்டு, பிறகு இரத்தத்துக்கு வருகிறது. பாதை வேறு என்றால் சிதைவும் வேறாக இருக்கலாம். பி சங்கிலியின் வால் அறுபட்ட துண்டுகளைச் சிறுநீரில் அடையாளம் கண்டதாகக் கொலோன் குழுவினர் 2007இல் எழுதினார்கள். முழு மூலக்கூறுக்கும் துண்டுகளுக்கும் உள்ள விகிதம் ஊசியைக் காட்டிக்கொடுக்குமா என்பதுதான் கேள்வி. நல்ல யோசனை. ஆனால் துண்டுகள் மாதிரிப் புட்டியிலும் உருவாகும். சிறுநீரிலும் நொதிகள் உண்டு. இரத்தச் சிவப்பணுக்கள் உடைந்தால் அவற்றுக்குள் இருக்கும் நொதியும் இன்சுலினைத் தின்றுவிடும். சிதைவு உடலில் நடந்ததா, புட்டியில் நடந்ததா என்று பிரித்துச் சொல்ல முடியாதவரை அது நீதிமன்றத்தில் நிற்காது.

ஆகவே, இன்சுலின் பற்றி நமக்குத் தெரிந்தவற்றில் பெரும்பகுதி சோதனைக் குழாயிலிருந்து வரவில்லை. 2001 ஜிரோ சைக்கிள் பந்தயத்தில் இத்தாலியப் போலீசார் விடுதிகளில் சோதனையிட்டார்கள். சைக்கிள் வீரர் மார்க்கோ பன்டானி தங்கிய அறையில் இன்சுலின் தடயமுள்ள ஊசி கிடைத்ததாக வழக்கு. அது தன்னுடையது அல்ல என்றார் அவர். தடை, மேல்முறையீடு என்று அது இழுத்துக்கொண்டே போனது. பிரிட்டிஷ் ஓட்டவீரர் டுவெய்ன் சேம்பர்ஸ் 2003இல் டி.எச்.ஜி. என்ற ஒரே ஸ்டீராய்டுக்காகப் பிடிபட்டார். அவருக்கு மருந்து கொடுத்த பால்கோ நிறுவனத்தின் விக்டர் கான்டி 2008இல் எழுதிய கடிதத்தில் மொத்தம் ஏழு பொருள்களைப் பட்டியலிட்டார். அவற்றில் ஒன்று இன்சுலின்; அதுவும் லிஸ்ப்ரோ வகை; போட்டிப் பருவம் இல்லாத காலத்தில், எடைப் பயிற்சிக்குப் பின். அந்த டி.எச்.ஜி.கூட, பயிற்சியாளர் ஒருவர் மருந்து மிச்சமிருந்த ஊசியை அதிகாரிகளுக்கு அனுப்பியதால்தான் தெரியவந்தது. உலக ஊக்கமருந்துத் தடுப்பு முகமையான வாடாவின் விதிகளில் குற்றம் என்பது மாதிரியில் பொருள் இருப்பது மட்டுமல்ல. வைத்திருப்பது, கடத்துவது, பயன்படுத்துவது எல்லாம் குற்றம்; பயன்படுத்தியதற்கு ஒப்புதலே சான்றாகலாம். இன்சுலினைப் பொறுத்தவரை அந்தப் பிற பிரிவுகள்தான் பல்லுள்ளவை என்பது என் கருத்து.

உண்மையான நோயாளிகளை மறந்துவிடக் கூடாது. படகோட்டி ஸ்டீவ் ரெட்கிரேவ், 1997இல் நீரிழிவு தெரிந்த பிறகும் துடுப்பைக் கீழே வைக்காமல், 2000 சிட்னியில் தன் ஐந்தாவது ஒலிம்பிக் தங்கத்தை வென்றார். அதே சிட்னியில் அமெரிக்க நீச்சல் வீரர் கேரி ஹால் இளையவர், முதல் வகை நீரிழிவோடு 50 மீட்டரில் தங்கம் வென்றார். கிரிக்கெட் வீரர் வாசிம் அக்ரம் இன்சுலின் போட்டுக்கொண்டே பந்து வீசியதை நம்மில் பலர் தொலைக்காட்சியில் பார்த்திருக்கிறோம், அது தெரியாமலேயே. இத்தகையவர்களுக்குச் சிகிச்சைப் பயன்பாட்டு விலக்கு என்ற அனுமதி உண்டு.

இந்தியாவுக்கு வருகிறேன். டெல்லியிலுள்ள தேசிய ஊக்கமருந்துச் சோதனை ஆய்வகம் 2008இல் வாடாவின் அங்கீகாரம் பெற்றது. 2019 ஆகஸ்டில் அது நிறுத்திவைக்கப்பட்டது. 2021 டிசம்பரில் திரும்பக் கிடைத்தது. இடைக்காலத்தில் நம் மாதிரிகள் வெளிநாட்டுக்கு விமானம் ஏறின. ஸ்டீராய்டுக்கு அந்தப் பயணம் பெரிய கேடில்லை. பெப்டைடுகளுக்குச் சூடும் காத்திருப்பும் பகை. மறுபக்கம், சென்னை மதராஸ் நீரிழிவு ஆராய்ச்சி அறக்கட்டளையினர் ஐ.சி.எம்.ஆருடன் சேர்ந்து நடத்தி 2023இல் வெளியிட்ட ஆய்வு, இந்தியாவில் 10.1 கோடிப் பேருக்கு நீரிழிவு என்றது. இன்சுலின் வேண்டுமென்றால் கள்ளச் சந்தையைத் தேட வேண்டியதில்லை; வீட்டுக் குளிர்பெட்டியின் கதவுத் தட்டில் பாட்டியின் புட்டி இருக்கும்.

முடிக்கும் முன், மாணவர்கள் கேட்கப்போகும் கேள்விக்கு இப்போதே பதில் சொல்லிவிடுகிறேன். முழுதாகப் பிடிக்க முடியாத பொருளைப் பட்டியலில் ஏன் வைத்திருக்க வேண்டும்? ஊசியும் கடிதமும் ஒப்புதலும் கிடைக்கும்போது தண்டிக்க அந்தப் பட்டியல்தான் அடிப்படை என்பது ஒரு பதில். வரிசை மாற்றிய வகைகள் பிடிபடுகின்றன என்பது இன்னொன்று. ஆனால் பட்டியலின் கை எட்டாத இடம் ஒன்று உண்டு. போட்டிக்கே போகாமல், உடம்பை ஏற்றுவதற்காக மட்டும் ஊசி போட்டுக்கொள்ளும் இளைஞரிடம் வாடாவின் மாதிரிப் புட்டி வரவே வராது. அவர் வந்து சேருமிடம் அவசர சிகிச்சைப் பிரிவு. இங்கே இருக்கும் மருத்துவ ஆய்வக மாணவர்களுக்கும் நாளைய மருத்துவர்களுக்கும் ஒன்று சொல்வேன். கட்டுமஸ்தான ஓர் இளைஞர் சர்க்கரை சரிந்து நினைவிழந்து வந்தால், சிகிச்சையைத் தாமதப்படுத்தாமல், குளுக்கோஸ் ஏற்றும் அதே ஊசித் துளையில் முதலில் சில மில்லிலிட்டர் இரத்தம் எடுத்துவிடுங்கள். உடனே சுழற்றிப் பிளாஸ்மாவைப் பிரித்து உறைய வையுங்கள். படிவத்தில் இன்சுலின், சி-பெப்டைடு இரண்டையும் எழுதுங்கள். உங்கள் ஆய்வகத்துச் சோதனை லிஸ்ப்ரோவையும் அஸ்பார்ட்டையும் பார்க்குமா என்று தொலைபேசியில் கேளுங்கள். பார்க்காது என்று பதில் வந்தால், முடிவில் இன்சுலின் இல்லை என்று அச்சாகி வருவதை நம்ப வேண்டாம். மாதிரியை நிறைநிறமாலைமானி உள்ள இடத்துக்கு அனுப்புங்கள்.